கறுக்காத அன்னம்

அன்றைக்கு என் ஆட்டோவில் இருந்தவர்கள்: முன்னால் நான். பின்னால் என் மனைவி செல்வி. அவள் பக்கத்தில் செட்டு அக்கா. அக்காவின் மடியில் தகரப்பெட்டி. பெட்டிக்குள் மயில் ஒரு ஜோடி. கிளி ஒரு ஜோடி. ஐந்து தலை நாகம். வாய் பிளந்த யாளி. இரண்டு தலைப் பறவை. காதில் தொங்கும் மீன்கள். ஒரு அன்னம். செல்வியின் வயிற்றில் மூன்று மாதம். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சேர்க்கத்தான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

செட்டு அக்கா என்பது பெயர் இல்லை. பெயரை நான் எழுதப் போவதில்லை. ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. கல்யாணப் பெண்ணுக்கு நகை செட்டு வாடகைக்குத் தருகிறவர், அவ்வளவுதான். ஆரணிக்குப் பட்டு எடுக்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். சேலை எடுத்து முடித்ததும் கடைக்காரரே கையைக் காட்டுவார். பிளவுஸ் தைக்கும் கடைக்கு மேலே ஒரு அறை. ஏணி மாதிரி படி. பருமனான மாமியார்கள் கீழேயே நின்றுகொள்வார்கள். அது தனக்கு வசதி என்று அக்கா சொல்வார்.

எல்லாம் கவரிங். அதிலும் புதுசு கிடையாது. செம்புத் தகட்டில் அச்சு அடித்து, சிவப்புக் கண்ணாடிக் கல் வைத்து, மேலே முலாம் பூசிய பழங்காலத்துச் சாமான். வீடு மாற்றுகிறவர்கள் பித்தளைப் பாத்திரத்தோடு சேர்த்துப் பழைய பாத்திரக் கடையில் போட்டுவிட்டுப் போவார்கள். கடைக்காரர் அக்காவுக்குப் போன் போடுவார். நான்தான் ஏற்றிக்கொண்டு போவேன். குண்டான், சொம்புகளுக்கு நடுவே கையை விட்டுத் துழாவி எடுப்பார். வீட்டுக்கு வந்து பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பழைய பிரஷ்ஷால் தேய்ப்பார். முலாம் போயிருந்தால் மறுபடி பூசி வாங்குவார். தறிக்காரர் வீட்டில் கழித்துப் போட்ட பட்டு நூலைச் சுருட்டி அதற்குள் ஒவ்வொன்றையும் பொதிந்து வைப்பார். குருவிக் கூடு மாதிரி இருக்கும்.

புதுசு ஏன் வாங்குவதில்லை என்று ஒரு தடவை கேட்டேன்.

"புதுசுல மயிலு மயிலு மாதிரியே இருக்குது தம்பி. பழசுல பாரு. அச்சு வெட்னவன் மயில பாத்ததே இல்ல போல. கோழி மாதிரி கீது. ஆனா பாக்கற பார்வைய பாரு. நம்மளயே பாக்கும்."

நான் பார்த்தேன். கோழிதான். பார்க்கத்தான் செய்தது.

அவர் காதில் வேப்பங்குச்சி. கழுத்தில் ஒன்றும் கிடையாது. பிளவுஸ் கடைக்காரர் வம்புக்கு இழுப்பார். "ஊருக்கெல்லாம் ஜிமிக்கி, உனக்கு மட்டும் குச்சியாம்மா?"

"மருந்துக் கடைக்காரன் தெனம் மாத்திர துன்றானா?" என்பார் அக்கா.

யார் வந்தாலும் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டார். கழுத்தைப் பார்ப்பார். பிறகு சேலையின் கரையைப் பிரித்துப் பார்ப்பார். கரையில் என்ன பறவை, என்ன மிருகம் என்று விரலால் தடவுவார். ஒரு முறை ஒரு பெண்ணின் சேலையில் மயில் இருந்தது. அவளோ நாக அட்டிகைதான் வேண்டும் என்று நின்றாள்.

"மயிலயும் நாகத்தயும் ஒரே ஒடம்புல வுட்டா ராவெல்லாம் சண்ட போடும். நீ தூங்கறதா வேணாவா?"

பெண் சிரித்தாள். அவளுடைய அம்மா சிரிக்கவில்லை. நாகத்தை உடனே எடுத்து உள்ளே வைக்கச் சொன்னாள்.

அக்காவின் குணம் அதுதான். நகையைச் சும்மா எடுத்துக் கொடுக்க மாட்டார். அதில் உள்ள உருவம் என்ன சொல்கிறது என்று சொல்லித்தான் கொடுப்பார். தேசூரிலிருந்து ஒரு பெண் வந்தது. போகிற வீட்டில் நாத்தனார் நான்கு பேர். அந்தப் பெண்ணின் கண் கலங்கியே இருந்தது. அக்கா இரண்டு தலைப் பறவைப் பதக்கத்தை எடுத்தார்.

"இதுக்கு ஏன் ரெண்டு தல தெரியுமா கண்ணு? ஒரு தல எல்லாத்தயும் கேட்டுக்கும். இன்னோரு தல கேக்காத மாதிரி அந்தாண்ட திரும்பிக்கும். வூட்ல பெரியவங்க பேசும்போது ரெண்டாவது தலைய நெனச்சிக்க."

அந்தப் பெண் பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. கல்யாணம் முடிந்து செட்டைத் திருப்பித் தர வந்தபோது சொன்னது, "ரெண்டாவது தலதாங்க்கா ரொம்ப வேல செய்யுது."

பியூட்டி பார்லர் பெண் ஒருத்தி அடிக்கடி வருவாள். கையில் எப்போதும் போன். "அக்கா, ஆன்டிக் லுக் குடுங்க. பழசு மாதிரி இருக்கணும்."

"மாதிரி இல்லம்மா. பழசுதான்."

"அதான்க்கா. இந்த யாளிய நெத்திச்சுட்டில வச்சா போட்டோல செமயா இருக்கும்."

"யாளி கோவம். கோவம் கையில இருக்கலாம். அதனால கையில மாட்ற வங்கியில வச்சிருக்கான். நெத்திக்கு ஏத்தாத. மொத நாளே மாப்ள ஓடிப்பூடுவான்."

அந்தப் பெண் அதையும் போனில் எழுதிக்கொண்டாள்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மண்டபத்துக்கு மண்டபம் ஏற்றிப் போகிறவன். கண்ணாடியில் எல்லாம் தெரியும். காதில் எல்லாம் விழும். ஐந்து தலை நாகத்தை அக்கா ஒரு பெண்ணிடம் காவல் என்றார். பாம்பென்றால் நடுங்குகிற இன்னொரு பெண்ணிடம், "இது பாம்பு இல்ல கண்ணு, மழ. மழ வரும்போது கெளம்புற காத்து இப்டித்தான் தலைய தூக்கும்" என்றார். மீன், புகுந்த வீட்டில் வாயை மூடிக்கொண்டிரு என்பதற்கு என்றார். மறுவாரம் பரீட்சைக்குப் படிக்கிற ஒரு பெண்ணிடம், அதே மீன் தூங்காமல் கண் விழித்துப் படி என்பதற்கு என்றார்.

ஒரு நாள் டீக்கடையில் வண்டியை நிறுத்திக் கேட்டே விட்டேன். "நேத்து ஒண்ணு சொன்னீங்க. இன்னிக்கி ஒண்ணு சொல்றீங்க. எதுங்க்கா நெசம்?"

அக்கா சர்க்கரை போடாத டீயை ஊதினார்.

"தகடு தம்பி. அதுக்கு ஏது வாயி? நாமதான் வைக்கணும். வர்ற பொண்ணு நகைக்கா வருது? பயந்துகினு வருது. எந்த பயம்னு பாத்து அதுக்கேத்த வாய வைக்கிறேன்."

"அப்ப பொய்யி."

"தங்கமான்னு கேட்டா இல்லன்னு சொல்றேனா இல்லியா? சம்பந்தி எதுருல கேட்டாலும் கவரிங்னு சொல்றேன். அத்தோட நிறுத்திக்க."

நிறுத்திக்கொண்டேன். அது உண்மை. பெண் வீட்டார் எத்தனை கண் ஜாடை காட்டினாலும் கவரிங்கைக் கவரிங் என்றுதான் சொல்வார். அதனால் சில மண்டபங்களில் அவரை மேடைக்குப் பக்கத்திலேயே விட மாட்டார்கள்.

இனி செல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் தார் சுற்றுவாள். தறிக்கு வேண்டிய ஊடை நூலைச் சின்னக் குச்சிகளில் சுற்றித் தருகிற வேலை. கை ஓயாது. வாய் பேசாது. நானும் பேசுகிறவன் இல்லை. வீட்டில் பேச்செல்லாம் என் அம்மாதான்.

முதல் கர்ப்பம் நான்காம் மாதம் கலைந்தது. இரண்டாவது ஐந்தாம் மாதம். இரண்டாவது கலைவதற்கு ஒரு வாரம் முன்னால் செல்வி காதில் போட்டிருந்த கவரிங் தோடு கறுத்துப் போனது. சித்திரை மாதம். வேர்வை. செம்பு கறுக்கத்தான் செய்யும். அப்போது அது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. கலைந்த பிறகு அம்மா சொன்னாள்.

"தோடு கறுத்துச்சே, அப்பவே தெரிஞ்சிருக்கணும். போட்ட நக கறுத்தா வயித்துல இருக்கறதுக்கு ஆவாது."

அம்மா கெட்டவள் இல்லை. துக்கத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள். சொல்லிவிட்டு மறந்தும் போனாள். செல்வி மறக்கவில்லை. காதைக் கழற்றினாள். வளையலைக் கழற்றினாள். தாலி மட்டும் மஞ்சள் கயிற்றில். தினமும் காலையில் வாசலுக்கு வந்து தாலிப் பொட்டை வெயிலில் தூக்கிப் பார்ப்பாள். தங்கம்தான், கறுக்காது. ஆனாலும் பார்ப்பாள்.

மூன்றாவது தரித்தபோது யாருக்கும் சொல்லவில்லை. மூன்றாம் மாதம் டாக்டரம்மாவைப் பார்க்கக் கூட்டிப் போனேன். வழியில் அக்கா கையைக் காட்டினார். வந்தவாசி ரோட்டு மண்டபத்தில் கல்யாணம். ஏறி உட்கார்ந்தார். வழக்கம்போல் கழுத்தைப் பார்த்தார்.

"கழுத்து ஏன் சும்மா கெடக்குது?"

"கறுத்துப்பூடும்க்கா" என்றாள் செல்வி.

"எது?"

"எது போட்டாலும்."

அக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன். பிறகு செல்வியின் கையைப் பார்த்தார். கை வயிற்றின் மேல் இருந்தது. அக்கா பெட்டியைத் திறந்தார். பட்டு நூலுக்குள்ளிருந்து அன்னத்தை எடுத்தார். கட்டைவிரல் அகலம்தான். வாயில் தாமரைத் தண்டைக் கவ்விக்கொண்டிருக்கும். கண்ணுக்கு ஒரு சிவப்புக் கல்.

"இது கறுக்காது."

"எல்லாமே கறுக்கும்க்கா."

"இது கறுக்காது. அன்னம் இன்னா பண்ணும்? பாலயும் தண்ணியயும் பிரிக்கும். வேணும்ன்றத எடுத்துக்கும், வேணாத்தத வுட்ரும். உன் வேர்வையில இருக்கற உப்ப ஒதுக்கிடும். உன் வயித்துல புள்ளயும் கீது, பயமும் கீது. ரெண்டயும் கலக்க வுடாது. நீ புள்ளய மட்டும் சொம. பயத்த இது பாத்துக்கும்."

பட்டு நூலை முறுக்கித் திரித்து, அன்னத்தைக் கோத்து, செல்வியின் கழுத்தில் கட்டினார். செல்வி குனிந்து பார்த்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வரும்வரை நிமிரவில்லை. இறங்கும்போது ஒன்று கவனித்தேன். வயிற்றிலிருந்த கையை எடுத்து அன்னத்தின் மேல் வைத்திருந்தாள்.

செம்பு கறுக்கும். அது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு அக்கா எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். அதற்கு முன்னால் வந்ததில்லை. இரண்டு நாளைக்கு ஒரு முறை, மூன்று நாளைக்கு ஒரு முறை வருவார். "குடு கண்ணு, தொடச்சித் தரேன்" என்பார். அன்னத்தை வாங்கிக்கொண்டு பின்பக்கம் குழாயடிக்குப் போவார். திரும்பி வந்து கட்டிவிடுவார். அன்னம் பளபள என்று இருக்கும்.

ஒரு நாள் குழாயடியில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். நான் இருப்பதைப் பார்க்காமல் அக்கா வந்துவிட்டார். இடுப்புச் சுருக்குப் பையைத் திறந்தார். அதிலிருந்தும் ஒரு அன்னம் வந்தது. உள்ளங்கையில் இப்போது இரண்டு. ஒரே அச்சு. செல்வியிடம் வாங்கி வந்தது ஓரமெல்லாம் பச்சை பூத்துக் கறுக்க ஆரம்பித்திருந்தது. பையிலிருந்து வந்தது பளிச்சென்று இருந்தது. பளிச்சென்று இருந்ததை நூலில் கோத்தார். நிமிர்ந்தால் எதிரே நான்.

"இன்னா பாக்கற? வண்டிய கழுவு."

கழுவினேன்.

அதற்குப் பிறகு என் கண் அங்கேதான் போகும். ஒன்றின் கண்ணில் கல் நல்ல சிவப்பு. மற்றதில் கொஞ்சம் வெளுத்த சிவப்பு. செல்வி சாதத்தைப் பிசையும்போது பார்ப்பேன். இன்றைக்கு வெளுத்த கண். இன்றைக்கு சிவந்த கண். நான்காம் மாதம் போனது. ஐந்தாம் மாதம் வந்தது. செல்வி அந்த மாதம் முழுக்க அதிகம் நடக்கவில்லை. ஐந்தாம் மாதமும் போனது.

அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. "இது தங்கமாடி?"

"இல்லத்த. கவரிங்தான்."

"பின்ன ஏன் கறுக்கல?"

"அது கறுக்காதாம்."

அம்மா தெருவில் சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். முழுகாமல் இருந்த இன்னொரு பெண் அக்காவின் மாடி ஏறிப் போய்த் தனக்கும் ஒன்று வேண்டும் என்று நின்றாள். அவளுக்கு அக்கா ஒரு கிளியைக் கொடுத்துச் சமாளித்தார். "அன்னம் அந்த பொண்ணுக்கு. நீ தைரியசாலி. உனக்கு கிளியே போதும்."

அன்றைக்கு வண்டியில் அக்கா மட்டும்தான். பாலம் தாண்டியது. பிறகு சொன்னார்.

"தம்பி, மத்த பொண்ணுங்களுக்கு சொல்றது ஒரு நாளு பேச்சு. தாலி கட்னதும் நகைய திருப்பி குடுத்துடுதுங்க. பேச்சும் அத்தோட திரும்பிடுது. உன் பொண்டாட்டி அத்தயே புடிச்சிகினு நிக்குது. நாளைக்கி ஏதாவது ஆச்சின்னா?"

"ஆவாதுங்க."

"உனுக்கு எப்டி தெரியும்?"

"தெரியாதுங்க."

மண்டப வாசலில் இறங்கினார். பெட்டியை எடுக்க மறந்துவிட்டு உள்ளே போனார். நான் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் பெட்டியை மறந்தது அந்த ஒரு தடவைதான்.

ஆறாம் மாதம் படவேட்டில் ஒரு கல்யாணம். அக்கா அங்கே தங்கும்படி ஆகிவிட்டது. இங்கே வெயில் கொளுத்தியது. செல்வி கழுத்தில் அன்னத்தின் சிறகு ஓரம் மங்கிக்கொண்டு வந்தது. அவள் இன்னும் பார்க்கவில்லை. நான் பார்த்துவிட்டேன். அக்காவுக்குப் போன் போட்டேன்.

"பஸ்சு இல்லியே தம்பி. நாளைக்கி சாங்காலம்தான் வர முடியும்."

"நான் வரேன்."

சவாரி எதுவும் ஏற்றாமல் படவேட்டுக்கு வண்டியை ஓட்டினேன். கோயில் பக்கம் பந்தலுக்கு வெளியே அக்கா நின்றுகொண்டிருந்தார். மற்ற அன்னத்தைப் பொதிந்த பட்டு நூல் பொட்டலத்தை என் கையில் வைத்தார்.

"செல்வி குளிக்கும்போது மாத்திடு. அவுத்து ஆணியில மாட்டுவா இல்ல? நூல் முடிச்சு பாத்து போடு. நான் போடற முடிச்சு ரெட்ட முடிச்சு."

"சரிங்க."

"கை நடுங்கக் கூடாது."

"நடுங்காது."

மறுநாள் காலை செல்வி குளிக்கப் போனாள். அன்னம் ஆணியில் தொங்கியது. மாற்றினேன். கை நடுங்கவில்லை. முடிச்சுதான் அக்கா போடுகிற மாதிரி விழவில்லை. அவள் வந்து கட்டிக்கொண்டாள். வெயிலில் தூக்கிப் பார்த்தாள். உள்ளே போனாள். நான் வண்டியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஸ்டார்ட் பண்ணாமலே இருந்தேன்.

எட்டாம் மாதத்தில் செல்விக்குக் கால் வீங்கியது. முகமும் வீங்கியது. ஒரு நாள் காலையில் தலைவலி என்றாள். கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்றாள். அவளையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போனேன். டாக்டரம்மா பிரஷர் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

"இனி வெச்சிருக்க முடியாதுங்க. ஆபரேஷன் பண்ணி புள்ளய எடுத்துடணும். இப்பவே. லேட் பண்ணா ரெண்டு பேருக்கும் ஆபத்து."

நர்ஸ் பச்சை அங்கியைக் கொண்டு வந்தாள். "ஒடம்புல ஒரு குண்டூசி கூட இருக்கக் கூடாதும்மா. எல்லாத்தயும் கழட்டிடுங்க."

செல்வி தாலியைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தாள். யாரும் சொல்லாமலே கொடுத்தாள். அன்னத்தைக் கழற்றவில்லை. கையால் மூடிக்கொண்டாள்.

"அதயும்மா."

"இது இருக்கட்டும்."

"உள்ள மெஷினு வெப்பாங்க. சூடு பட்ரும். உன் வூட்டுக்காரர் கையிலயே இருக்கட்டும், பத்ரமா வெச்சிருப்பாரு."

"இல்ல. இது போச்சின்னா புள்ள போயிடும்."

நர்ஸ் நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். திட்டவில்லை. அம்மா கெஞ்சினாள். நானும் சொன்னேன். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. செல்வி கேட்கவில்லை. நர்ஸ் மறுபடி பிரஷர் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டாள். "ஏறிகினே போவுதுங்க. பலவந்தமா புடுங்குனா இன்னும் ஏறும். ஏதாவது செய்ங்க, ஜல்தி."

அக்காவுக்குப் போன் போட்டேன்.

பஜாரிலிருந்து ஆஸ்பத்திரி பக்கம்தான். யார் பைக்கிலோ ஏறி வந்து இறங்கினார். பெட்டி இல்லை. இடுப்பில் சுருக்குப் பை மட்டும். கட்டிலண்டை போனார். முதல் முறையாக அவர் செல்வியின் கழுத்தைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தார்.

ஏதாவது ஒரு வாயை வைப்பார் என்று நினைத்தேன். அன்னம் வாசல் வரைக்கும்தான் காவல், உள்ளே வராது, அப்படி ஏதாவது. அவருக்கா வராது? நானே மனதில் ஒன்று தயார் பண்ணி வைத்திருந்தேன்.

அக்கா சுருக்குப் பையைத் திறந்து உள்ளங்கையை நீட்டினார். கறுத்த அன்னம்.

செல்வி பார்த்தாள். "இது இன்னாக்கா?"

"உன்துதான். முந்தாநேத்து வரிக்கும் உன் கழுத்துல இருந்தது. இப்ப உன் கழுத்துல கீறது அப்ப என் பையில இருந்தது. ரெண்டு வச்சிருந்தேன். மாத்தி மாத்தி கட்னேன்."

"கறுக்காதுன்னீங்களே."

"கறுக்கும். எத்தினியோ தரம் கறுத்துது. எல்லார் வேர்வையிலயும் உப்பு கீது, செம்பு கறுக்குது. அவ்ளோதான்."

அம்மா அலறினாள். "அடிப்பாவி! எம் மருமவள ஏமாத்தினியா? இந்த நேரத்துல வந்து இத்த சொல்றியே!"

அக்கா அம்மா பக்கம் திரும்பவில்லை. செல்வியிடமே சொன்னார்.

"இது கறுத்தப்ப உன் புள்ள இன்னா பண்ணிச்சி? ஒதச்சிகினு இருந்துச்சி. இது என் பையில கெடந்தப்ப? அப்பவும் ஒதச்சிகினுதான் இருந்துச்சி. அன்னம் ஒண்ணியும் பண்ல கண்ணு. நீதான் தூக்கினு வந்த. இன்னும் கொஞ்சம்தான். அதயும் நீதான் தூக்கணும்."

செல்வி கறுத்த அன்னத்தையே பார்த்தாள். இப்போது உடைந்து போவாள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "மாமா, உனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பத்திலிருந்து?"

"நாலாம் மாசத்துலருந்து. ஒரு தரம் நானே மாத்தனேன்."

"ஆணியில மாட்னப்பவா?"

"ஆமா."

"அன்னிக்கி முடிச்சு வேற மாதிரி இருந்துச்சி." சொல்லிவிட்டு அவள் உதடு கோணியது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. "ரெண்டு பேரும் திருடனுங்க."

பிறகு கையை எடுத்தாள். தலையைக் குனிந்து கழுத்தைக் காட்டினாள்.

"அவுத்துடுங்கக்கா."

கழுத்தும் வீங்கியிருந்தது. நூல் வேர்வையில் நனைந்து முடிச்சு இறுகியிருந்தது. அக்காவின் விரல் அன்றைக்கு வேலை செய்யவில்லை. நகத்தால் கிளறிப் பார்த்தார். முடியவில்லை. நர்ஸ் கத்தரிக்கோல் எடுக்கத் திரும்புவதற்குள் குனிந்து பல்லால் கடித்து நூலை அறுத்தார்.

செல்வியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது.

வெளியே ஒரு பெஞ்சு. அம்மா ஒரு ஓரத்தில் உட்கார்ந்தாள். மடியில் செல்வியின் தாலி. அக்கா உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றார். அவர் கையில் இரண்டு அன்னம். நான் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏமாத்திட்டியே" என்றாள் அம்மா மறுபடி. இந்தத் தடவை சத்தம் இல்லை.

"ஆமாம்மா. ஏமாத்தினேன்."

"நான்தான் மொதல்ல சொன்னேன். கறுத்தா ஆவாதுன்னு." அம்மா தாலியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்துப் பெஞ்சில் நகர்ந்தாள். இடம் விட்டாள். அக்கா வந்து உட்கார்ந்தார்.

செட்டு அக்கா இப்போது இல்லை. மாடி அறையில் யாரோ செல்போன் ரிப்பேர் பார்க்கிறார்கள். நகையெல்லாம் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. பியூட்டி பார்லர் பெண் கொஞ்சம் வாங்கியதாகச் சொன்னார்கள். அவரை நினைத்தால் எனக்கு நகை நினைவுக்கு வருவதில்லை. அந்தப் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்ததுதான் வருகிறது. எத்தனையோ பெண்களுக்கு எத்தனையோ சொன்னவர். அன்றைக்கு எங்களிடம் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. சொல்ல முயற்சிக்கவும் இல்லை. அம்மாவின் தோள் நடுங்கியபோது, பக்கத்தில் இருந்தார்.

உள்ளே சத்தம் கேட்டது. பூனைக்குட்டி மாதிரி. நின்றது. மறுபடி கேட்டது.

கதவு திறந்தது. "செல்வி வூட்டுக்காரங்க யாருங்க?"

மூன்று பேரும் எழுந்தோம்.

"பொம்பளப் புள்ள. அம்மா நல்லா இருக்காங்க. புள்ள கொற மாசம், கொஞ்ச நாளு கண்ணாடிப் பொட்டியில வெச்சிருப்போம். தானா மூச்சு வுடுது."

அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். அக்காதான் கேட்டார்.

"எட எவ்ளோம்மா?"

"ஒரு கிலோ எண்ணூத்தி நாப்பது."